ஆணி சுற்றிப் போன முடிவு

முந்தாநாள் கூரைத் தகரம் ஒன்று காற்றில் அடிக்கத் தொடங்கியதால் ஆணி வாங்கப் போனேன். கடைக்காரர் நிறுத்து, மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சிட்டுத் தந்தார். முடிச்சையும் மீறி அந்த மணம் வந்தது. புது ஆணிக்கு ஒரு மணம் உண்டு. எண்ணெயும் இரும்பும் கலந்து நாக்கின் அடியில் ஏறும். சிலருக்கு ஆஸ்பத்திரி மணம் ஆகாது. எனக்கு ஆணி மணம். சிரிக்காதீர்கள்.

கடைவாசலில் நிற்கும்போதே கைபேசியில் ரவூபின் குரல் பதிவு வந்தது. என் பழைய கூட்டாளி; இப்போது கட்டாரில் லொறி ஓட்டுகிறான். "மச்சான், நித்திரை வருகுதில்ல. வாசிக்க நல்ல விஞ்ஞானக் கதை நாலஞ்சு சொல்லன். நீதானே என்னய இந்தப் பழக்கத்துக்குள்ள இழுத்துவிட்டவன்."

பதிவைத் திரும்பவும் கேட்டேன். பக்கத்தில் ஆரோ தூங்குவதுபோல அத்தனை தணிந்த குரல். 'விஞ்ஞானக் கதை' என்கிறான். அந்த நாளில் நாங்கள் அதற்கு வைத்திருந்த சொல் வேறு. அதை அவன் இப்போது வாயில் எடுக்கமாட்டான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புத்தகம் சிபாரிசு செய்ய எனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. சல்லிக் கிராமத்தில் மீன் காயப்போட்டேன். புல்மோட்டையில் மணல் மூட்டை சுமந்தேன். ஓரிடத்தில் தரிக்காத கால். போன இடமெல்லாம் எழுத்து அச்சடித்த எதையும் வாசித்தேன், மருந்துப் போத்தலில் ஒட்டிய தாளைக்கூட. அப்படி அலைந்து கிண்ணியாவில் ஒரு அறையில் ஒதுங்கியபோது ரவூபின் வாப்பா சொல்லி துறைக்கு அக்கரையில், நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை கிடைத்தது. ரவூபும் அங்கேதான். இருவருக்கும் ஆணிப் பகுதி.

அந்தக் காலத்தில் ஆணியைப் பேப்பரில் சுற்றித்தான் கொடுப்போம். முதலாளி பழைய பேப்பரைக் கிலோக் கணக்கில் வாங்கிப் போடுவார். பேப்பரோடு சில வேளை புத்தகங்களும் வரும், அட்டை இல்லாமல், பேர் இல்லாமல், எழுதியவர் ஆரென்று தெரியாமல். நான் நல்லதாகப் பார்த்து ஆணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைப்பேன். என் வாசிப்பெல்லாம் தலையும் வாலும் இல்லாத வாசிப்பு. ரவூபுக்குச் சொல்ல என்னிடம் தலைப்புகள் இல்லாததற்கு அதுதான் காரணம். கதைகள்தான் இருக்கின்றன.

ஒன்றில், கடலுக்கடியில் கண்ணாடியால் கட்டிய ஊர். ஒருநாள் எங்கோ கண்ணாடி கீறல் விடும் சத்தம் கேட்கிறது. எங்கே என்று ஒருவராலும் கண்டுபிடிக்க ஏலாது. மிச்சக் கதை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே மனிதர்கள் சமைக்கிறார்கள், கலியாணம் செய்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறார்கள். அதை வாசித்தபோது, இதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்து போயிருக்கிறார் என்றே நினைத்தேன். இன்னொன்றில் நாளைய செய்தியை இன்றே சொல்லும் ஒரு இயந்திரம். ஆனால் ஒரு தெருவின் செய்தியை மட்டும்தான் சொல்லும். அந்தத் தெருவில் வீடு வாங்க ஆளில்லை.

மூன்றாவதுதான் எங்கள் புத்தகம். வேறொரு கிரகத்தில் ஒரு துறைமுகம். வானத்திலிருந்து ஒரு கப்பல் வந்து இறங்குகிறது. சன்னல்களில் தெரியும் முகங்கள் எல்லாம் துறைமுகத்தில் நிற்கிறவர்களுடைய முகங்களே, கொஞ்சம் வயது கூடி. உள்ளே இருப்பவர்கள் ஒன்றும் பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். துறைமுகத் தலைவனுக்கு முன்னால் இரண்டு விசைகள். ஒன்று கப்பலின் கதவைத் திறக்கும். மற்றது துறைமுகத்தையே வெடிக்க வைக்கும். அவன் கையைத் தூக்குகிறான். அத்தோடு தாள் முடிகிறது.

கடைசித் தாள்கள் எங்கே என்று எங்களுக்குத் தெரியும். நான் புத்தகத்தைக் கண்டெடுக்கும் முன்பே அவை ஆருக்கோ இரண்டு அங்குல ஆணி சுற்றிப் போய்விட்டன.

முடிவு இல்லாதது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. தினமும் காலையில் பாதையில் ஏறியதும் ஆளுக்கொரு முடிவு கட்டுவோம். பாதை என்றால் ரோட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்களையும் சைக்கிளையும் வான் வண்டியையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதே கேட்காது. ரவூப் கதைத்தால் மட்டும் அக்கரைக்கே கேட்கும். "உன்ட வாய்க்கு எண்ணெய் ஊத்தத் தேவல்ல" என்று எஞ்சின்காரர் பகிடி பண்ணுவார்.

என் முடிவு எப்போதும் வெடிப்பு. அவனுடையது, கதவு திறந்து எல்லோரும் இறங்கி ஒன்றாக இருந்து சாப்பிடுவது.

"உன்ட கதை எல்லாம் சகனிலதான்டா போய் முடியும்" என்பேன். ஆறேழு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டைத்தான் ரவூப் வீட்டில் சகன் என்பார்கள்.

"பின்ன? கனகாலத்துக்குப் பிறகு வந்த ஆக்களுக்குச் சோறு குடுக்காம குண்டா குடுக்கிற?"

ஒருநாள் காலை அவன் நல்ல குஷியில் இருந்தான். தங்கைக்கு மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. எனக்கு விட்டுக்கொடுக்க நினைத்தானோ என்னவோ, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு கத்தினான்: "சரி மச்சான், நீ வெண்டிட்டாய்! நாவலில நீ சொன்ன மாதிரியே செய்வம். துறைமுகத்த வெடிக்க வைப்பம்!"

அந்தக் கணம் பார்த்து எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். பாதை கரையை அணைந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைப் பார்க்கத் திரும்பின. ரவூபின் வாய் திறந்தபடியே நின்றது.

கரையில் கடற்படைக் காவலரண். அது யுத்தகாலம். எங்கள் இருவரையும் வரிசையிலிருந்து விலக்கினார்கள். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். ரவூபைத் தகர மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். என்னை மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எங்களோடு வந்தவர்கள் எவரும் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படிப் போனவன்தான், வேறு நாட்களில். அப்படி விலக்கப்பட்டவர்களில் சிலர் பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். சிலர் வரவில்லை.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த ஒருவர் டொபி மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஆர் சொன்னது வெடிக்க வைக்கச் சொல்லி?"

"அது சும்மா கதை ஐயா."

"ஓம், கதைச்சனீங்கள்தானே. வேற ஆரோட கதைச்சனீங்கள்?"

"கதைச்சதில்லை ஐயா. கதை. புத்தகத்தில வாற கதை. நாவல்."

அதுவரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி தலையை நிமிர்த்தினார். "நேவல்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஊரில், இந்தத் துறைமுகத்தில், கடற்படைக்காரருடைய எந்தப் பொருளுக்கும் இங்கிலீசில் முன்னால் வரும் சொல் அது. ரவூப் பாதையில் கத்தியதில் அதிகாரிக்கு விளங்கியிருக்கக்கூடிய ஒரே சொல்லும் அதுதான். நான் வாயைத் திறந்து அதையே திரும்பவும் சொல்லிவிட்டேன்.

அது பழத்தின் பேரும்தான், புத்தகத்தின் பேரும்தான் என்று உளறினேன். டொபிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "சரி. கதை எண்டு சொல்லுறாய். அந்தக் கதையில கடைசியில என்ன நடக்குது?"

மறைப்புக்குப் பின்னால் ரவூபிடமும் இதைத்தான் கேட்பார்கள். அவன் எதைச் சொல்வான்? தன்னுடைய சோற்று முடிவையா, என்னுடைய வெடிப்பையா? நான் ஒன்றும் அவன் ஒன்றும் சொன்னால் இருவரும் பொய்யர். என்னைக் காப்பாற்ற நினைத்து அவன் சோறு என்பான். அவனோடு ஒத்துப்போக நினைத்து நானும் சோறு என்றால்? அவன் பயத்தில் வெடிப்பு என்றுவிட்டால்? பாதையில் நாங்கள் கட்டிய முடிவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்து நின்றன.

"முடிவு இல்லை ஐயா. ஆணி சுத்திப் போயிட்டுது."

"என்ன?"

"கடையில, ரெண்டு அங்குல ஆணி. கடைசித் தாளக் கிழிச்சுச் சுத்திக் குடுத்தாச்சு."

அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. எழுந்து மறைப்புக்குப் பின்னால் போனார். நான் காதைக் கூர்மையாக்கினேன். எஞ்சினை வெல்லும் அந்தக் குரலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தண்ணீர் தூணில் அடிக்கும் சத்தம் மட்டும். அவர் திரும்பி வந்து அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எந்த வகை என்று தெரியாமல் நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

"அவனும் ஆணி எண்டுதான் சொல்லுறான்" என்றார்.

அதற்குப் பிறகும் வெயில் தலைக்கு மேல் வரும்வரை நிறுத்திவைத்தே விட்டார்கள். ரவூப் வெளியே வந்தபோது சட்டைப் பொத்தான்களை ஓட்டை மாறிப் பூட்டியிருந்தான்.

கடையில் முதலாளி, "ஏன்டாப்பா, ரெண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிட்டா வாறீங்கள்?" என்று ஏசினார். ரவூப் நேரே போய் ஆணிப் பெட்டியைத் தூக்கினான். எங்கள் புத்தகத்தை எடுத்து, முதல் தாளிலிருந்து கிழித்து, வருகிறவர்களுக்கு ஆணி சுற்றத் தொடங்கினான். நான் பக்கத்தில் நின்று நிறுத்துக் கொடுத்தேன். கிரகம் போயிற்று, கப்பல் போயிற்று, சன்னல் முகங்கள் போயின. பின்னேரம், கையைத் தூக்கிக்கொண்டு நின்ற தலைவனைக் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து வந்த ஒரு கட்டட மேசன் வாங்கிப் போனார். "கவனம் அண்ணே, குத்தும்" என்று ரவூப் மெல்லச் சொன்னான். அந்தத் தணிந்த குரலை நான் கேட்டது அன்றுதான் முதல்தரம்.

பிறகு அவன் வெளிநாடு போகும்வரை ஒரே பாதையில்தான் போய்வந்தோம். அவன் முன்னால் நிற்பான், நான் பின்னால்.

நேற்று ஆணிப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலத்துக்குப் போனேன். அங்கிருந்து பதில் சொன்னால் நன்றாயிருக்கும் என்று ஒரு எண்ணம். பாலம் வந்தபின் பாதை இல்லை. காவலரண் இருந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்கிறார். கைபேசியை அழுத்திக்கொண்டு கண்ணாடி ஊரைச் சொன்னேன், நாளைய செய்தியைச் சொன்னேன். "மூண்டாவது உனக்குத் தெரியும் மச்சான், எங்கட அந்த நா..." என்று தொடங்கும்போது முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. வாய் தானாக மூடியது. தூண்டில்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். அவர் பாலம் முடிந்து இறங்கும்வரை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதிவில் காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. காதோடு ஒட்டிவைத்தால்தான் கேட்டது.

"விளங்குது மச்சான். பக்கத்தில ஆரும் வந்தவனா?"