எட்டுச் சில்லும் ஒரு தக்கையும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் செய்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது தாங்கள் செய்ததாகச் சொல்லிவிடுவார்கள். மன்னார்க் கரையில் பதினெட்டு வயதில் சொந்த வள்ளம் இறக்கினேன். மெல்பேணுக்கு வந்து, 'யெஸ்', 'நோ', 'சொறி' என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு இறைச்சித் தொழிற்சாலையில் பதினொரு வருடம் கத்தி பிடித்தேன். கிரான்பர்னில் மீன்கடை போட்டேன். மூன்று மாதம் தாங்காது என்றவர்கள் இன்றைக்கும் அந்தக் கடையில்தான் பாரை வாங்குகிறார்கள். வீடு கட்டினேன். மீன் பொரிக்கிற மணம் உள்ளே வரக்கூடாது என்று மகள் சொன்னதால் பின்வளவில் தனிக் குசினியும் கட்டினேன். கடைசியாக, கிழக்கே இரண்டு மணித்தியால ஓட்டத்தில், ஒருவரும் வேண்டாமென்று விட்ட சதுப்புக் காணியொன்றை வாங்கி, வேலி போட்டு, கொட்டில் போட்டு, அந்தோனியாருக்கு ஒரு சின்னக் கூடும் எழுப்பினேன்.

அந்தக் காணிதான் போன வருடம் கையை விட்டுப் போகப் பார்த்தது.

காணியின் நடுவே ஒரு குளம் கிடக்கிறது. பழைய ஆறு விட்டுப்போன வளைவு. கோடையில் வற்றி முழங்காலளவுக்கு வரும், மற்றக் காலத்தில் ஆள் தாழும். மான்கள் அக்கரையில் மேயும், விறகுக்கு விழுந்த மரங்களும் அக்கரையில்தான். சுற்றிப் போனால் சேற்றுக்குள் முக்கால் மணித்தியால நடை. போன குளிர்காலத்தில் மனைவியின் தம்பி சுட்ட மானின் ஒரு தொடையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த நான், சேற்றில் முகங்குப்புற விழுந்தேன். எழும்ப முடியவில்லை. மச்சான்தான் இழுத்து எடுத்தார். நெஞ்சு அன்று முழுவதும் தாறுமாறாக அடித்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மச்சான் சொல்லிவிட்டார்.

"விப்பம்," என்றாள் மனைவி.

"அப்பா, யூ ஆர் செவென்ரி ரூ," என்றாள் மகள். எனக்கு எழுபத்திரண்டு வயது என்று நினைவுபடுத்தினாள், அவளுடைய பேச்சு அவ்வளவுதான். அது போதுமாயிருந்தது.

அப்போதுதான் தண்ணீரிலும் தரையிலும் ஓடுகிற எட்டுச் சில்லு வண்டியைப் பற்றிச் சொன்னேன். மனைவி அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னாள்: "ஒரேயொரு தரம் பாப்பம். நானும் ஏறி இருந்து பாப்பன். அதுவும் சரிவரேல்லையெண்டால் காணியை விக்கிறதுதான். பிறகு என்னோட ஒண்டும் கதைக்கக் கூடாது."

வாங்கப் போன இடம் ஒரு நாட்டுப்புறத்துக் கடை. விற்றவள் ஒரு வெள்ளைக்காரப் பெண், மகளின் வயது இருக்கும். வண்டியோ குளிக்கிற தொட்டிக்கு எட்டுச் சில்லுப் பூட்டினதுபோல் இருந்தது. வட்ட ஸ்டியரிங் இல்லை, இரண்டு பிடிகள்தான். இடதை இழுத்தால் இடப்பக்கச் சில்லுகள் நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். தண்ணீருக்குள் அந்தச் சில்லுகளே துடுப்பு. விளிம்போ தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நின்றால் அதிகம். அவள் கடகடவென்று விளக்கினாள். பாதி விளங்கியது. விளங்காத பாதியில் என்ன இருக்கிறதோ என்று எனக்குப் பயம். தடித்த புத்தகமொன்றையும் தந்தாள். வாசிக்கத் தெரிந்தவனைப் போலப் புரட்டிவிட்டு ஆசனத்துக்குக் கீழே வைத்தேன்.

ஆனால் ஒன்று கேட்டேன். தண்ணீர் வடிகிற துவாரம் எங்கே என்று கையால் காட்டிக் கேட்டேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முழங்காலில் இருந்து பின்பக்க மூலையைக் காட்டினாள். அடியில், பெருவிரல் நுழையுமளவு துவாரம். மரை வெட்டிய பித்தளைத் தக்கை அதை மூடியிருந்தது. வாங்க வருகிறவர்கள் இதை முதலில் கேட்பதில்லை என்றாள். மச்சான் பக்கத்தில் நின்றவர்தான், கேட்டுப் பாருங்கள்.

வீடு வரும்வரை ட்ரெய்லரைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து சுவாமியார் வீட்டுக்கு வந்து வண்டியை மந்திரித்தார். ஒவ்வொரு சில்லிலும் தீர்த்தம் தெளித்தார். மனைவி மெழுகுதிரி கொளுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நான் வண்டியின் உட்புறத்தைக் கழுவினேன். கழுவிய தண்ணீர் வடியத் தக்கையைக் கழற்றினேன்.

எங்கள் கரையில் வள்ளத்தைக் கரைக்கு இழுத்தால் முதல் வேலை தக்கையைக் கழற்றுவது. மழைத்தண்ணீர் நிற்காது, சொல்லாமல் யாரும் வள்ளத்தைக் கொண்டுபோகவும் முடியாது. என் தகப்பன் தக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தோனியார் படத்துக்குக் கீழே வைப்பார். கடலுக்குப் போகும்போது கும்பிட்டுவிட்டு எடுப்பார். நானும் அப்படித்தான் செய்து வளர்ந்தவன். அன்றும் கை தன்பாட்டில் அதையே செய்தது. படம் வரவேற்பறையில் இருந்தது. தக்கை படத்துக்குக் கீழே போனது.

சனிக்கிழமை நானும் மனைவியும் மச்சானும் காணிக்குப் போனோம். வழி முழுவதும் நான் வாய் ஓயாமல் கதைத்தேன். பயம் வந்தால் எனக்குக் கதை கூடும், மனைவிக்கு அது தெரியும். மச்சான் துவக்கோடு சேற்றைச் சுற்றி நடந்து போனார். பத்து மணிபோல ஒரு வெடி கேட்டது. பிறகு போன் வந்தது: "அத்தான், பெரிசு. உங்கட தொட்டியைக் கொண்டு வாங்கோ."

மனைவி சட்டைக்கு மேலே செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். எனக்கும் ஒன்றை மாட்டிவிட்டாள். வண்டி கரையிலிருந்து மெல்ல இறங்கி, ஒருதரம் ஆடி, மிதந்தது. அக்கரை ஐம்பது அறுபது பாகம், நூறு மீற்றர் மட்டில். காலடியில் ஈரம் தெரிந்தது. தெறித்த தண்ணீர் என்று நினைத்தேன். அக்கரைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, மானைத் துண்டமாக்கி ஏற்றி முடிப்பதற்குள், உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் வந்த வழியே வடிந்துவிட்டது. அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை.

திரும்பும்போது பின்னால் மானும் மச்சானும். நடுக்குளத்துக்கு வந்தபோது மனைவி சொன்னாள்: "என்ர சப்பாத்துக்குள்ள தண்ணி."

திரும்பிப் பார்த்தேன். மச்சானின் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது, பின்விளிம்பு தண்ணீருக்கு மேல் நாலு விரல்தான் தெரிந்தது. அந்த நொடியில் வரவேற்பறை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. படம், படத்துக்குக் கீழே பித்தளைத் தக்கை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. மனைவிக்கு நீந்தத் தெரியாது.

"தக்கை எங்க அத்தான்?"

"வீட்ட."

"வீட்டயோ?"

"அந்தோனியாரிட்ட."

மச்சான் காலடித் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "அவர் பத்திரமா வச்சிருப்பார்," என்றார். அப்புறம் குரல் மாறியது: "மானைத் தள்ளுவம். பாரம் குறையட்டும்."

மானைத் தள்ளினால் காணியையும் அதோடு தள்ளினதுதான் என்று எனக்குத் தெரியும். தீர்ப்புச் சொன்ன மனைவி இங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தள்ளாத," என்றேன். "வலப்பக்கத்துப் பின்மூலை. அந்தத் தொடைக்குக் கீழ கையை விடு. ஓட்டை இருக்கும். அடை."

"விரல் விறைக்குது. தண்ணி நிக்குதில்ல."

மனைவி கைப்பையைத் திறந்தாள். அந்தோனியார் கூட்டில் கொளுத்தவென்று, மந்திரித்த அன்று பிடித்த அதே மெழுகுதிரியைக் கொண்டுவந்திருக்கிறாள். ஒன்றும் கேட்காமல் தம்பியிடம் நீட்டினாள். முகம் துடைக்கிற கைலேஞ்சியையும் கொடுத்தாள்.

"கத்தியால பாதியா வெட்டு. லேஞ்சியைச் சுத்தி, திருகி ஏத்து. மரை இருக்கு, பிடிக்கும்," என்றேன் நான்.

கரை இன்னும் தூரம். நேரே போனால் ஆழம் கூடிய பக்கம். கோடையில் வற்றிய குளத்தின் அடியை நடந்து நடந்து பார்த்தவன் நான். இடப்பக்கம் நாணல் நிற்கிற இடத்தில் நிலம் முதுகுபோல உயர்ந்திருக்கும். இடது பிடியை இழுத்தேன். வண்டி மாட்டைப்போலச் சோம்பித் திரும்பியது. சில்லுகள் சுழல்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மனைவி அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள், பாதியில் நின்று, "கெதியாப் போகாதோ இது?" என்று கேட்டாள். நான் நாணலை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினேன்.

பிறகு முன்சில்லு எதிலோ உரசியது. அடுத்தது. நாணல் இருபக்கமும் சரிந்தது. மான் பாரத்தோடு எட்டுச் சில்லும் சேற்றைப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஏறின.

மனைவி இறங்கி, சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தாள். மானைப் பார்த்தாள். வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். என் நெஞ்சு அப்போதுதான் தாறுமாறாக அடித்தது.

"காணி கிடக்கட்டும்," என்றாள். "தக்கை இனி என்ர கைப்பைக்குள்ள இருக்கும்."

அன்றிலிருந்து அப்படித்தான். இப்போது நாங்கள் அந்த வண்டியில் விறகும் இறைச்சியும் ஏற்றி இறக்குகிறோம். ஒவ்வொரு தடவையும் இறங்க முன்னர் நான் அவளிடம் கை நீட்டிக் கேட்டு வாங்கித்தான் தக்கையைப் பூட்டுகிறேன்.

என் மனக்குறை வேறு. கோயில் பெருநாளில் மச்சான் இந்தக் கதையைத் தன் விறைத்த விரலில் தொடங்கி அதிலேயே முடிக்கிறார். மனைவி மெழுகுதிரியைச் சொல்கிறாள். மகள் வண்டியின் படத்தை இணையத்தில் போட்டு, மாமாதான் காப்பாற்றினார் என்று, 'மாமா சேவ்ட் தெம்' என எழுதியிருந்தாள். கடையில் மீன் வாங்க வருகிறவர்கள்கூட என்னிடமே, "உங்கட மச்சான் கெட்டிக்காரன்" என்கிறார்கள்.

தக்கையை மறந்தவன் நான். அதை முதலில் சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை. ஆனால் துவாரம் எங்கே என்று வாங்கும்போதே கேட்டுவைத்தவனும் நான். மானைத் தள்ளாதே என்று நின்றவனும், நாணல் பக்கம் நிலம் உயர்ந்திருப்பது தெரிந்து திருப்பியவனும் நான். விரலும் மெழுகுதிரியும் இருந்தது உண்மை. அவற்றைக் கரைக்குக் கொண்டுவந்தது யார்? வருகிற பெருநாளில் இந்தக் கதை தொடங்கும்போது என்னையும் கூப்பிட்டு ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். இந்த மூன்றையும் விடாமல் சொல்லுங்கள். மகளும் அந்தப் படத்துக்குக் கீழே திருத்தி எழுதட்டும்.