கயிறு வரும்வரை நிற்கச் சொன்னவர்

சிதம்பரநாதன் சாரைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எங்கள் வீட்டுக்குச் சிறுமை தருவதையும் மறைக்கப்போவதில்லை. அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். "பல்லை ஒடச்சதையும் எழுது" என்றார்.

செய்தி வந்தபோது நான் ஆலையின் வாசகசாலையில் இருந்தேன். காவலர் வாசலில் நின்று, "பாப்பா, அப்பாகிட்டச் சொல்லிரு. கயிறு சார் போயிட்டாக. சிங்கம்புணரியில அவுக வீட்டுலயே. நெஞ்சுவலியாம்" என்றார். வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் எழுந்துவிட்டார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்குடிக்கு வெளியே உள்ள எங்கள் ரசாயன ஆலையில் சார் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். தோளில் எப்போதும் பயிற்சிக்கான ஒரு மெல்லிய கயிற்றுச் சுருள் தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

ஆலை அலுவலகம் பழைய செட்டியார் வீடு ஒன்றில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் கூடத்தில் சார் மறுபயிற்சி நடத்துவார். அடுத்த அறைதான் வாசகசாலை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் கதவு வழியே பார்ப்பேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் ஓரமாக ஒரு சிவப்பு வரிசை ஓடும். "இதுதான் தொட்டி வாய்" என்பார் சார். ஒருவர் அதற்கு அப்பால் படுத்துக்கொண்டு, விஷவாயுவில் விழுந்தவர்போல அலற வேண்டும். மற்றவர், முகமூடியும் கயிறும் வரும்வரை சிவப்புக் கல்லைத் தாண்டாமல் நிற்க வேண்டும். எங்கள் ஆலையில் பாதிப்பேர் அமராவதிபுதூர்க்காரர்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான். யாராலும் நிற்க முடியாது. தாண்டியவரைச் சார் சுவரோரம் உட்காரவைப்பார். அந்த வரிசைக்குப் பிணவரிசை என்று பெயர்.

ஒருமுறை வேலுச் சித்தப்பா படுத்துக்கொண்டு, "அண்ணே!" என்று அலறினார். அப்பா சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டார்.

"கருப்பையா, நீங்க செத்துட்டீக. போயி உக்காருங்க."

படுத்திருந்த சித்தப்பா தலையைத் தூக்கி, "அண்ணே, மதினிக்குத் தந்தி அடிச்சிரவா?" என்றார். கூடமே சிரித்தது.

"எத்தன தடவ சார் இதே கூத்து?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓடத் தெரிஞ்சவன் மறக்க மாட்டான். நிக்கத் தெரிஞ்சவன்தான் மறந்துபோவான்" என்றார் சார். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவைப் பற்றியும் அன்றுதான் சொன்னார். "நாத்தம் நின்னுட்டா வாயு போயிருச்சுன்னு நினைக்காதீக. செத்தது ஒங்க மூக்கு."

போன பங்குனியில் கழிவுநீர்த் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. முதலில் நாற்றம் இருந்ததாம்; பிறகு இல்லையாம். சித்தப்பா தனியாக இறங்கினார். அப்பா ஓடி வந்தபோது அவர் அடியில் குப்புறக் கிடந்தார். குதிக்கப்போன அப்பாவைச் சார் இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தரையில் சாய்த்தார்.

"விடுங்க சார்! எந்தம்பி!"

"கயிறு வரட்டும்."

அப்பா முழங்கையால் இடித்ததில் சாரின் முன்பல் உடைந்தது. அவர் பிடியை விடவில்லை. முகமூடி அணிந்தவர்கள் கயிற்றில் இறங்கிச் சித்தப்பாவைத் தூக்கி வந்தார்கள். உயிர் இல்லை.

சாவு வீட்டுக்கு வந்த சாரைப் பார்த்து, "நின்னு வேடிக்க பாத்தீகளே! நல்லாருப்பீகளா?" என்று சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஊரும் அதையேதான் சொன்னது. பல்லைப் பற்றி ஆலையில் கேட்டபோது சார் படியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு வேலை போயிருக்கும்.

அதன்பின் அப்பா அவரோடு பேசவில்லை. அடுத்த மறுபயிற்சியில் அப்பா சிவப்புக் கல்லருகே வரவே இல்லை. நேரே போய்ப் பிணவரிசையில் உட்கார்ந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சார் அவரை எழுப்பவும் இல்லை.

ஆனால் வாசகசாலையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று மட்டும் கேட்பார். "அப்பா நல்லாச் சாப்புடுறாகளா?"

"சாப்புடுறாக சார்."

"அது போதும்" என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார்.

சார் போன செய்தி வந்த மறுநாள் அப்பா சிங்கம்புணரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. சாரின் மனைவி ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துக் கொடுத்து, "இது ஆலைச் சாமான். நீங்களே கொண்டுபோயிருங்க" என்றாராம்.

அந்த வாரமே மறுபயிற்சி வரவேண்டியிருந்தது. மேலாளர் தள்ளிவைக்கலாம் என்றார். "வேண்டாம். நான் நடத்துறேன்" என்றார் அப்பா. புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் அப்பால் படுத்து அலற, அவருடைய மாமன் பாய்ந்து தாண்டினார்.

"நீங்க செத்துட்டீக" என்றார் அப்பா. "போயி உக்காருங்க."

எல்லாரும் போன பிறகு அப்பா மட்டும் கூடத்தில் நின்றார். கால் விரல்கள் சிவப்புக் கல்லுக்கு இப்பாலேயே இருந்தன. எதிரே வெறும் தரை. தோளில் கயிறு. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, "நிக்கிறேன் சார்" என்றார்.

சார், எனக்கு அப்பா இருக்கிறார். அதை நீங்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நாங்களும் உங்களிடம் சொல்லவில்லை. போய் வாருங்கள்.

அப்பா கயிற்றைக் கூடத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். விளக்குகளை அணைத்தார்.