எழுபது கிராம்

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களில் என் அக்காவை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அக்கா லாரி எடை மேடையில் வேலை செய்கிறாள். லாரி வெறுமனே நின்றால் ஒரு எடை, சரக்கோடு நின்றால் ஒரு எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கின் எடை. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஓட்டுநர்கள் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து கிலோ கூட்டிப் போடு, குறைத்துப் போடு என்று யாரும் அவளிடம் பல்லிளிக்க முடியாது. அவள் உட்காரும் அறைக்குப் பதினான்கு இரும்புப் படி ஏற வேண்டும். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன பிறகு, ஏணியில் இறங்குகிறவள்போல முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்குவாள். கீழே வந்து சேரும்போது முகமெல்லாம் வேர்த்திருக்கும்.

முழங்காலை மாற்றிவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். ஆனால் அதற்கு முன் பி.எம்.ஐ. முப்பத்தைந்துக்குக் கீழே வர வேண்டுமாம். உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று பார்க்கிற கணக்கு அது. அக்காவுக்கு முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. தொண்ணூற்று நாலு கிலோவை எண்பத்தைந்துக்குக் கொண்டுவர நாலு மாதம் கெடு. வேலையிடத்தில் மேலாளரும் அந்த நாலு மாதத்தைத்தான் கொடுத்திருந்தார். அதற்குள் ஆபரேஷன் முடியாவிட்டால் படியேறக்கூடிய வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனைக்கு ஒரு சின்னப் பெண் இருந்தாள். அச்சடித்த தாளில் கோடிட்ட இடங்களைப் பேனாவால் நிரப்பினாள். கலோரி ஆயிரத்து முந்நூறுக்குள். மாவுச்சத்து, கொழுப்பு குறைக்கவும். புரதம் ஒரு நாளைக்கு 70 கிராம். பயறு, முட்டை, மீன் சாப்பிடலாம். "எதாவது கேக்கணுமா?" என்று அவள் கேட்டபோதே அடுத்தவர் உள்ளே வந்து நின்றுவிட்டார். எல்லாம் ஐந்து நிமிஷம்.

அன்றைக்கே அக்கா சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினாள். தினமும் வேகவைத்த பயற்றை நீர் வடித்து, கிண்ணத்தின் எடையைக் கழித்து, எழுபது கிராம் நிறுத்தாள். கூட நாலு பயறு விழுந்தால் விரலால் எடுத்து வெளியே வைத்தாள். மற்றபடி வேகவைத்த காய், வெறும் காய்ச்சாறு.

"நாலு பயறு கூடப் போனா குடியா முழுகிடும்?" என்றேன்.

"எழுபதுன்னு எழுதியிருக்கு. எழுபத்தொண்ணுன்னு எழுதல."

"கலோரி ஆயிரத்து முந்நூறு வரைக்கும் போகலாம்கா. நீ அதுல பாதிகூடத் தொடலையே?"

"லாரியில அளவுக்கு மேல ஏத்தினாதான்டி தப்பு. கம்மியா ஏத்தினா யாரு கேக்கப்போறா?"

அவளை விவரம் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொழுப்பு குறைந்தது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பிஸ்கட்டை நான் வாங்கிப் போனபோது, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "கொழுப்ப எடுத்துட்டு அந்த எடத்துல சர்க்கரையக் கொட்டியிருக்கான். இதுல போட்டிருக்கற கலோரி ரெண்டு பிஸ்கட்டுக்கு. பாக்கெட்டுல இருக்கறது பதினாறு. யாரு காதுல பூ சுத்தறான்?"

எடை மளமளவென்று இறங்கியது. ஆளும் இறங்கினாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. படியேறும்போது முன்னெல்லாம் வலிதான், இப்போது காலே நடுங்கியது. வலி முற்றிவிட்டது, ஆபரேஷன் முடிந்தால் சரியாகிவிடும் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

கெடு முடிந்த அன்று அவளோடு நானும் போனேன். எண்பத்து நாலரை கிலோ. பி.எம்.ஐ. முப்பத்தைந்துக்குக் கீழே. அக்கா என் கையை வலிக்க வலிக்க அழுத்தினாள். ஆனால் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளை இன்னொரு இயந்திரத்தில் ஏற்றினார். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது அது.

"கொறைஞ்சதுல கிட்டத்தட்ட பாதி தசைம்மா. தொடையில பலமே இல்ல. புது முட்டியப் பிடிச்சு நிறுத்தறதே அந்தத் தசைதான். ரத்தத்துலயும் புரதம் ரொம்பக் கம்மி, புண்ணு ஆறாது. இப்ப வெட்டினா ஆபத்து. புரதம் சாப்பிடச் சொன்னோமே, சாப்பிடலையா?"

"தினமும் எழுபது கிராம், டாக்டர்."

"சும்மா சொல்லாதீங்கம்மா."

பொய் என்றதும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தேதி போட்டு, வரிக்கு வரி, பயறு 70, பயறு 70, பயறு 70. டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"ஐயோ அம்மா, எழுபது கிராம் பயறு இல்ல. எழுபது கிராம் புரதம். எழுபது கிராம் பயறுல அஞ்சாறு கிராம் புரதம் இருந்தாலே பெருசு. மிச்சமெல்லாம் தண்ணியும் மாவும்தான்."

சரக்கையும் லாரியையும் சேர்த்து ஒரே எடையாக அக்கா ஒரு நாளும் எழுதியதில்லை. பயற்றுக்குள் புரதம் தனி, மற்றது தனி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு அரை நிமிஷத்தில் விளங்கியிருக்கும். அந்த அரை நிமிஷத்தைத்தான் யாரும் செலவழிக்கவில்லை. ஆபரேஷன் மூன்று மாதம் தள்ளிப்போனது. மேலாளர் கொடுத்த கெடுவோ அன்றோடு முடிந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த இயந்திரத்தைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

அக்கா நேரே ஆலோசனை அறைக்குப் போனாள். அதே பெண், அதே தாள் கட்டு. நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சாரிம்மா. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நெனச்சிட்டேன்."

"தெரிஞ்சவங்க உங்கிட்ட எதுக்கும்மா வர்றாங்க? இன்னிக்கு இந்தத் தாள எத்தன பேருக்குக் குடுத்த?"

"பதினொண்ணு."

"அவங்க வீட்ல என்ன நிறுத்துக்கிட்டு இருக்காங்களோ," என்ற அக்கா, ஒரு வெற்றுத் தாளை இழுத்து அவள் முன்னால் போட்டாள். "புரதம்னு எழுதாத. தட்டுல என்ன வைக்கணும், அத எழுது."

இந்தத் தடவை அந்தப் பெண் நிதானமாக எழுதினாள். காலையில் முட்டை இரண்டு. மதியம் உள்ளங்கை அளவு மீன், ஒரு கோப்பை பயறு. சாயங்காலம் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ராத்திரி மறுபடியும் பயறு, கூடவே தயிர். எழுதி முடித்து, பக்கத்தில் கூட்டியும் காட்டினாள். எழுபதுக்கு வந்தது.

அக்கா அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள். படியில் அத்தனை வலியிலும் அழாதவளுக்கு உதடு துடித்தது.

"இவ்வளவும் நான் சாப்பிட்டிருக்கலாமா?"

அந்தப் பெண் தலையாட்டினாள்.

"நாலு மாசம் பசியோடதான்டி படுத்தேன்," என்றாள் அக்கா என்னைப் பார்த்து.