மில்லிமீட்டரும் பக்கத்து மில்லும்

காலை ஷிஃப்டுக்கு வந்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது தன்னுடைய மில்லை அல்ல, பக்கத்து மில்லை. இரண்டாம் நம்பர் மில்லின் பேரிங் மூடியில் புறங்கையை வைத்து, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டவர் போலக் கண்ணை மூடி நிற்பார். "லேசா சுடுதே," என்பார் அக்கறையான குரலில். "எப்பவும் இருக்கற சூடுதாண்ணே," என்று அந்த மில்லின் ஆள் சொல்லிவிட்டால் முகம் ஒரு சுற்றுச் சிறுத்துப்போகும். அத்தோடு விடமாட்டார். சுழலும் உருளையில் எந்தப் போல்ட்டு ஓட்டையிலாவது சாம்பல் நிறக் குழம்பு கசிந்து கோடு போடுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்ப்பார். கசிவு இருந்துவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

சுரங்கத்திலிருந்து வரும் தாதுக்கல்லை மாவாக்கும் கொட்டகை அது. உள்ளே இரண்டு மில்கள் அக்கம்பக்கமாகப் படுத்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீட்டின் அளவுள்ள இரும்பு உருளை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு இரும்புக் குண்டுகள். கல்லையும் தண்ணீரையும் விட்டுச் சுற்றினால் குண்டுகள் மேலேறி விழுந்து கல்லை நொறுக்கும். முதல் மில்லுக்குப் பதினெட்டு வருஷமாக இவர் தலைமை ஃபிட்டர். இரண்டாவதற்கு இவருடைய சகலை. இவர் அக்காவைக் கட்டியவர், அவர் தங்கையைக் கட்டியவர். மாமனார் இரண்டு பேருக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரிச் சுவர்க் கடிகாரம்தான் வாங்கிக் கொடுத்தார். சகலை வீட்டுக் கடிகாரம் நேரம் தவறுவதில்லை என்பது இவருக்கு இன்றுவரை தீராத மனக்குறை.

கொட்டகையில் இவருக்குப் பெயர் மில்லிமீட்டர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவுகோல் இருக்கும். "ஏறக்குறைய" என்ற சொல் இவர் காதில் விழக்கூடாது. "ஏறவும் வேணாம், குறையவும் வேணாம். எவ்வளவுன்னு சொல்லு," என்பார். தையல்காரர் இவரைத் தூரத்தில் கண்டதுமே விளக்கை அணைத்துவிடுவதாகப் பேச்சு. வீட்டில் சோப்புக் கட்டிக்குக்கூட விடுதலை இல்லை. "திங்கக்கிழமை இருபத்தெட்டு இருந்துச்சு. இன்னைக்கு இருபத்தொண்ணு. யாரு இப்படித் தேய்க்கறது?" என்று ஈரக் கையோடு கேட்பார். "தேயறதுக்குத்தான் சோப்பு. குளிச்சிட்டு வாங்க," என்று மனைவி அடுக்களையிலிருந்து சொல்வாள்.

அளவு தெரிந்த மனிதருக்குப் பொறாமையில் மட்டும் அளவு தெரியாது. சகலை வீட்டு வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தால் போதும், ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு கவளம் குறையும். "பக்கத்து வீட்டுக்காரன் ஆனை வாங்கட்டும், எனக்கென்ன. சகலை சைக்கிள் வாங்கினா மனசு கேக்க மாட்டேங்குது," என்று ஒரு முறை தானாகவே ஒப்புக்கொண்டார். "உங்க வயித்துல அடுப்பு வெச்சா எனக்கு கேஸ் மிச்சம்," என்றாள் மனைவி. தங்கையின் வாழ்வைப் பார்த்து அவளுக்கு ஒரு நாளும் எரிந்ததில்லை. அதுவும் இவருக்கு ஒரு குறை. வீட்டில் ஒருவராவது துணைக்கு வேண்டாமா.

இந்தப் புகைச்சலில் ஒரு சொட்டு நியாயமும் கலந்திருந்தது. சில வருஷங்களுக்கு முன் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் அலுத்துக்கொண்டார்: "நம்ம மில்லுல குண்டு கல்லு மேல விழறதே இல்லப்பா. எகிறிப் போயி எதிர்ச் சுவத்துல விழுது. இரும்பும் இரும்பும் அடிச்சுக்குது, கல்லு நடுவுல படுத்துத் தூங்குது." சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அவருக்கு அது வெறும் அலுப்பு. எதிரில் இருந்த சகலை சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

மில்லின் உள்சுவரில் இரும்புத் தகடுகள் பதித்திருக்கும். அவற்றின்மேல் வரப்புப் போல எழும்பி நிற்கும் பட்டைகளுக்கு லிஃப்டர் என்று பெயர். குண்டுகளை மேலே ஏற்றிப் போவது அவைதான். பழைய லிஃப்டர்கள் செங்குத்தாக நின்று குண்டுகளைத் தூர எறிந்தன. சகலை அவற்றின் முகத்தைச் சாய்த்துச் சரிவாக வரைந்தார். வரைந்த தாளைச் சுருட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் வார்ப்படக்காரர்கள் ஒரு செட் வார்த்துக் கொடுக்க, இரண்டாம் மில்லில் மாட்டினார்கள். மணிக்குப் பத்து டன் அரைத்த மில் பதினொன்று அரைத்தது. கரண்டும் கூடவில்லை. சத்தமும் அடங்கிவிட்டது.

அந்த அடக்கத்தை இவரால் தாங்க முடியவில்லை. இவருடைய மில் பழையபடி டங் டங்கென்று கொட்டகையே அதிர முழங்கிக்கொண்டிருந்தது. "சத்தம் போடாத மில்லு அரைக்காத மில்லு," என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பார்த்தார். எதிர்ச்சுவரில் குண்டு விழும் சத்தம் அது என்று முதன்முதலில் சொன்னவரே தான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார்.

நான்கு மாதம் கழித்து மேனேஜர் இவரைக் கூப்பிட்டார். இரண்டாம் மில்லை இரண்டு நாள் நிறுத்துகிறார்கள். உள்ளே போய்த் தேய்மானம் அளக்க வேண்டும். அந்த மில் ஆட்களே அளந்தால் சரிப்படாது.

"இருபது மில்லிக்குள்ள இருந்தா உங்க மில்லுக்கும் இதையே மாட்டிடலாம்," என்றார் மேனேஜர். "உங்க சகலையை ரெண்டு மில்லுக்கும் சேத்து சீஃப்பாப் போடறதா மேல பேசியிருக்கோம். தாண்டிட்டா பழைய டிராயிங்தான். நீங்க சொன்னா மேல ஒத்துக்குவாங்க."

இவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது என்பதை மறைப்பானேன்.

மில்லுக்குள் போகிறவர் ஒவ்வொருவரும் மின்பெட்டியில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். யாரும் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாது. இவர் தன் பூட்டை மாட்டிவிட்டு, கல் போகும் வாய் வழியாகத் தவழ்ந்து இறங்கினார். உள்ளே ஈர இரும்பின் வாடை. விளக்கைத் தொங்கவிட்டு முதல் வரிசையை அளந்தார். பதினொன்றரை. அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பதினொன்றரை. அடுத்த வரிசை பன்னிரண்டு. இருபதைத் தாண்டும் ஓர் இடமாவது அகப்படாதா என்று ஒவ்வொரு லிஃப்டராகத் தேடினார். தன் சொந்த மில்லில் ஒரு வரிசைக்குப் பத்து நிமிடம் செலவழிப்பவர், இங்கே நாற்பது நிமிடம் செலவழித்தார். ஆசையாகப் பார்க்கிற கண் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். இவர் கண் போகவில்லை.

எட்டாவது வரிசையில், லிஃப்டரும் தகடும் சேரும் உள்மூலையில், முடி போல ஒரு கோடு. துணியால் துடைத்தார். காய்ந்தது. சற்று நேரத்தில் கோடு மட்டும் ஈரமாகத் திரும்பி வந்தது. மேலோட்டக் கீறல் என்றால் துடைத்ததும் போய்விடும். விரிசலுக்குள்தான் தண்ணீர் தங்கும். நீளம் நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். பன்னிரண்டாவது வரிசையிலும் ஒன்று இருந்தது.

குண்டுக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார். பேசாமல் போனால் போதும். தேய்மானம் மட்டும்தானே அளக்கச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில், மில் ஓடும்போதே லிஃப்டர் உடைந்து விழும், பக்கத்துத் தகடுகளையும் போல்ட்டுகளையும் பிய்த்துப் போடும், மில் வாரக்கணக்கில் நிற்கும். சகலை பெயர் அதோடு நாறிப்போகும். கையைக் கட்டிக்கொண்டிருந்தாலே காரியம் ஆகிவிடும். வாயைத் திறந்தாலோ, பொறாமையில் இல்லாததைச் சொல்கிறான் என்று ஊரே சிரிக்கும்.

எழுந்து அந்தக் கோட்டை மறுபடி அளந்தார். நாற்பத்து மூன்றேதான். பிறகு வாய்ப்பக்கம் தவழ்ந்து போய் வெளியே குரல் கொடுத்தார். "தம்பி, உள்ள வா. உன் பூட்டை மாட்டிட்டு வா."

சகலை வந்து குனிந்து பார்த்தார். "வார்ப்புல விழுந்த கோடுண்ணே இது."

"துடைச்சுப் பாரு."

துடைத்தார். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கோடு ஈரமாகத் திரும்பி வந்தது. சகலையின் முகம் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"சொல்லு."

"உங்களுக்கு நான் முன்னுக்கு வர்றது பிடிக்கல. இன்னைக்கு நேத்து இல்லண்ணே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன்."

இருபது வருஷமாக இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது.

"பிடிக்கலதான்," என்றார் இவர். "வயிறு எரியத்தான் செய்யுது. சாப்பிடும்போது நான் சொன்னதை நீ பேப்பர்ல போட்டே. நானும் போட்டிருக்கலாம், போடல. அதுவும் சேந்து எரியுது. ஆனா கண்ணு பட்டா கல்லு வெடிக்கும்னு சொல்லுவாங்களே, அதெல்லாம் பொய்யி. என் கண்ணு பட்டு இந்த இரும்பு வெடிக்கல. மூலை கூரா இருக்கு, அடி அத்தனையும் அங்கதான் போயி உக்காருது. மூலைய வளைச்சு வாத்திருந்தா வெடிச்சிருக்காது."

சகலை விரல் நகத்தை அந்தக் கோட்டின்மேல் ஓட்டிப் பார்த்தார். நகம் சிக்கியது. "எவ்வளவு வளைக்கணும்ண்ணே?" என்றார்.

"பதினஞ்சு மில்லி ஆரம். பதினாலுல நின்னுறாத."

ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுதினார்: தேய்மானம் பன்னிரண்டு, விரிசல் இரண்டு. விரிசல் விட்டவற்றை மாற்றினார்கள். மற்ற லிஃப்டர்களையும் வளைந்த மூலையோடு புதிதாக வார்க்க உத்தரவானது. மேனேஜர் அறையில் பத்துப் பேர் முன்னால் சகலை எழுந்து, "அண்ணன் மட்டும் பாக்கலைன்னா என் மானம் போயிருக்கும். இந்த யோசனைக்கு முதல் பேச்சும் அவரோடதுதான்," என்றார். எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அளவுகோலை எடுத்து மேசையின் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "தங்கச்சி போன் பண்ணினா. அழுதுட்டா. நீங்கதான் காப்பாத்தினீங்களாம்," என்றாள்.

"அளவைச் சொன்னேன். அவ்வளவுதான்."

"அவரு எல்லார் முன்னாடியும் சொன்னாராமே."

"சொன்னான்," என்றார் சட்டையைக் கழற்றியபடி. "அடுத்தவனைப் புகழக்கூட அவனுக்கு நல்லா வருது. அதுவும் எனக்கு வராது."

சகலை சீஃப் ஆனார். மஞ்சள் தலைக்கவசம் போய் வெள்ளை வந்தது. இவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் விரிசலின் நீளத்தை நாற்பத்தைந்து என்று தட்டச்சு செய்திருந்தார்கள். திருத்தித் தரச் சொல்லி இரண்டு முறை ஆபீசுக்கு நடந்தார். மூன்று மாதத்தில் முதல் மில்லுக்கும் வளைந்த மூலை வைத்த புது லிஃப்டர்கள் வந்து சேர்ந்தன. போல்ட்டு முழுவதையும் இவரே நின்று இறுக்கினார்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் சகலை பொத்தானை இவர் பக்கம் காட்டி, "நீங்க போடுங்கண்ணே," என்றார். போட்டார். பதினெட்டு வருஷம் முழங்கிய மில், தொண்டை கட்டினவன் போல அடங்கிய குரலில் உறுமிக்கொண்டு சுற்றியது. கல் மாவாகிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்; தட்டியதெல்லாம் சகலையைப் பார்த்து. இவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

சகலை மேல் பேரிங்கைப் பார்க்க இரும்பு ஏணிப் பக்கம் திரும்பினார். வெள்ளைத் தலைக்கவசத்தின் பட்டை தாடையில் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நில்லு," என்றார் இவர்.

கிட்டே போய், தொங்கிய பட்டையைப் பிடித்து இழுத்து, சகலையின் தாடைக்கடியில் கொக்கியை மாட்டி, சரியான துளைக்கு அடுத்த துளையில் இறுக்கிவிட்டார்.