புது மாப்பிள்ளைக்கு ஒரு கடவு காட்டினேன்

தூண்டில் கடைக்கு வருகிறவர்கள் தூண்டிலை மட்டும் கேட்பதில்லை; மீன் கிடக்கும் இடத்தையும் சேர்த்தே கேட்பார்கள். தொண்ணூறுகளில் பாறசாலை சந்தைப் பக்கம் எனக்கு அந்தக் கடை. நெய்யாற்றில் எந்த வளைவில் எந்த மீன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் எங்கள் பக்கத்தில் மீன்பிடிக்கிறவன் எவனும் தன் இடத்தை வெளியே சொல்லமாட்டான். அதனால் நான் சொல்வதையும் யாரும் நம்புவதில்லை. கடை வைத்து வாய் வலித்தவர்களே, உங்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

மாமியார் பொரித்த முட்டை

செல்வினுக்குச் சொந்த ஊர் காட்டாக்கடை. நெய்யாற்றங்கரையில் பெண் எடுத்தவர். விருந்துக்கு வந்த இடத்தில், "ஞாயிற்றுக்கிழமை கறிக்கு மீன் நான் பிடிச்சிட்டு வாறேன்" என்று வாயை விட்டுவிட்டார். அந்த ஞாயிறு வெறுங்கையோடு திரும்பினார். கொழுந்தியாள்கள் சிரித்தார்கள். மாமியார் சிரிக்காமல் முட்டை பொரித்து வைத்தார். அதுதான் மனுஷனுக்குத் தாங்கவில்லை.

மறு ஞாயிறு காலையில் கடைக்கு வந்து புலம்பினார். பாவமாக இருந்தது. "உங்க மாமியார் வீட்டுக் கடவுலயே, ஆத்துல எறங்குத அந்தப் படியிலயே தூண்டிலப் போடும். சட்டி கழுவுத சோத்துக்குக் கரிமீன் அங்க வந்து நிக்கும். மைதா உருண்டை போதும்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல எடத்த நீரு வச்சுக்கிட்டு, எனக்குச் சட்டி கழுவுத எடத்தையா காட்டுதீரு?"

பொழியில் காய்ந்தவர்

நேரே பூவாறு பொழிக்குப் பஸ் ஏறினார். ஆறு கடலில் சேரும் இடம், நிழல் கிடையாது. மத்தியானம் முகம் சிவந்து கடைக்கே திரும்பி வந்தார். தூண்டில் நரம்பை நண்டு அறுத்திருந்தது. அங்கே ஒருவர் கூடையைத் தேக்கிலையால் மூடிக்கொண்டு போனாராம். இலைக்கு வெளியே வால் தெரிந்ததாம். ஒரு மீனும் கடிக்காத இடத்தில் ஏன் அவ்வளவு நேரம் காய்ந்தீர் என்று கேட்டேன்.

"அந்த ஆளு இங்க மீனே இல்லன்னு சொன்னான் அண்ணா. அப்ப அங்க மீன் உண்டுன்னுதானே அர்த்தம்?"

மாமியார் வந்தார்

இரண்டாவது முட்டையும் பொரித்த பிறகு மாமியாரே கடைக்கு வந்தார். மருமகன் இனி வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாராம், மகள் அழுகிறாளாம். "கடவுல மீன் உண்டுன்னு ஒங்க மருமவன்கிட்ட சொன்னேன் அக்கா, கேக்கல்ல" என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"உண்டுன்னா சொன்ன மக்கா? அங்க மீனே இல்லன்னு சொல்லு, ஓடி வருவாரு. சோறு நான் போட்டுக்கிடுதேன்."

தேக்கிலை

மருமகனிடம் அப்படியே சொன்னேன். அடுத்த ஞாயிறு செல்வின் கடை வழியாக, வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு, மெதுவாக நடந்து போனார். கையில் கூடை, மேலே தேக்கிலை. இலைக்கு வெளியே மூன்று கரிமீன் வால். எனக்கே கண் நிறைந்துவிட்டது. எங்கே கிடைத்தது என்று தெரியாதவன்போலக் கேட்டேன். இலையை இழுத்து மூடினார்.

"பூவாறு பொழியிலயாக்கும் அண்ணா."

மீன் இருக்கிற இடத்தில் மீனே இல்லை என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான், ஐயா, இடம் தெரிந்த மனுஷன் என்று எனக்கு ஊரில் பெயர் வந்தது.