சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல்

கொரோனா இரண்டாவது அலை சமயம். ஒரு திங்கட்கிழமை மாலை பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கேட்டுக்கு வெளியே நாலடி தள்ளி நின்று என்னைக் கூப்பிட்டாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஏளா, வீட்ல சும்மாதான இருக்க? காலேல இருந்து நாலு மணி வரைக்கும் எங்க வீட்டுக்கு வந்து பிள்ளையள பாத்துக்கிடுதியா?"

'சும்மாதான' என்ற சொல் முதலில் குத்தியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்து வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் கையில் புத்தகத்தோடுதான் வாசலுக்கு வந்திருந்தேன். அவள் அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அவளுக்கு வேறு வழியில்லை என்பது தெரியும். புருஷன் தோணியில் சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். அவளுடைய அம்மா இருப்பது தள்ளி வேம்பாரில். பஸ் ஓடவில்லை. அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நாத்தனார் அடுத்த தெரு. அந்தத் தெருவில் தொற்று என்று நான்கு நாள் முன்பு தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். இவள் வேலை பார்ப்பதாகச் சொல்லும் இறால் கம்பெனி மட்டும் ஏற்றுமதிக்காக ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குச் சொல்லுதேன்க்கா" என்றேன்.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. அப்பா துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்கியவர். இருபது வருடத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. பேசினாலே இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இந்தக் காய்ச்சல் இவருக்கு வரவே கூடாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு ஆறு வயது, மூன்று வயது. அவர்கள் தும்மினால் என் மேல் தெறிக்கும். நான் சாயங்காலம் அதைச் சுமந்துகொண்டு அப்பா படுத்திருக்கும் அறைக்குள் நுழைய வேண்டும்.

அதோடு, அவள் எதையோ மறைக்கிறாள் என்று பட்டது. பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஏன் சொல்லவில்லை? இங்கே அம்மாவும் இருக்கிறாளே. வேலைவிட்டு வந்ததும் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொடுகிறாள். சும்மா இறால் உரித்து வருகிறவள் எதற்கு அப்படித் தேய்த்துக் குளிக்க வேண்டும்?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"நானும் சொல்லணும்னு இருந்தேன். நேத்து மதில் மேல வச்சி முருங்கக்கீர குடுத்தாள்ளா? அவ கையில இறால் வாடையே இல்ல. ஆஸ்பத்திரி தரையத் தொடச்ச மாதிரி ஒரு வாடை."

"நெசமாவாம்மா?"

"இருவது வருசம் உரிச்சவ நான். புளியப் போட்டுத் தேச்சாலும் மூணு நாளைக்குப் போவாது. உங்க அப்பா அந்தக் கையால சோறு வாங்கித் தின்னுட்டு எத்தன ஏச்சு ஏசியிருக்காவன்னு கேளு."

எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கொரோனா வார்டுக்குத் துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே போகிறாள் என்று தெரிந்தால் வாடகை வீட்டின் சொந்தக்காரர் காலிசெய்யச் சொல்வார். அதனால்தான் இறால் கம்பெனி என்று சொல்லிவைத்திருக்கிறாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பெனி வேன் எதுவும் வரவில்லை. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் நடந்துபோனாள். அன்று மட்டும் பிள்ளைகள் அந்தச் சொந்தக்காரர் வீட்டு மாடியில் இருந்தார்கள். ஒரு நாளைக்கு மேல் முடியாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டதாகக் கேள்வி.

சாயங்காலம் அவள் பதில் கேட்டு வந்தபோது நான் கேள்விகளோடு நின்றேன்.

"அக்கா, எந்தக் கம்பெனிக்குப் போறிய?"

"என்னளா, ஊருக்கே தெரியும்."

"வேன் வரக் காணுமே?"

"நம்ம தெருவுக்கு வார வழியில, அடுத்த தெரு முக்குலதான் தகரத்த அடிச்சிருக்கான்லா. வேன் எப்படி உள்ள வரும்? ரோட்டுலயே நிக்கு."

அந்தத் தகரத்தைத் தினமும் பார்க்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் விடவில்லை.

"கையில இறால் வாடையே அடிக்கலன்னு அம்மா சொல்லுதாவ."

அவள் இரண்டு கைகளையும் கேட்டுக் கம்பிக்குள் நீட்டினாள். உள்ளங்கைத் தோல் வெளுத்து உரிந்திருந்தது. விரலிடுக்குகளில் புண்.

"உங்க அம்மா உரிச்சது தரையில உக்காந்து. இப்ப கம்பெனிக்குள்ள போவணும்னா முழங்கை வரைக்கும் குளோரின் தண்ணியில முக்கணும். மூத்திரம் பெய்யப் போயிட்டு வந்தா திரும்ப முக்கணும். உள்ள கையுறையும் மாட்டி விடுதான். இறால் வாடை எங்கன இருந்து அடிக்கும்? மோந்து பாக்கியா?"

எனக்கு முகம் சுட்டது. என் அம்மா தன் காலத்து இறால் கொட்டகையை வைத்துச் சொன்னாள். பட்டப்படிப்பு படித்த நான் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"சரி, நான் ஒண்ணு கேக்கேன்" என்றாள். கைகளை இழுத்துக்கொண்டாள். "உங்க அப்பாவுக்கு டெஸ்ட் எடுத்தியளா?"

"எதுக்கு?"

"ஒத்தச் செவுருதான. பகல் பூரா இருமுதாவ. அதாம்லா பிள்ளையள உங்க வீட்டுக்கு அனுப்பாம உன்ன எங்க வீட்டுக்குக் கூப்பிட்டேன்."

"அது கரி! துறைமுகத்துல வேல பாத்த இருமல். ரொம்ப வருசமா இருக்கு."

"கரின்னு நீ சொல்லுத" என்றாள். "நான் கம்பெனின்னு சொன்னப்ப நீ நம்புனியா?"

நான் கோபத்தில் உள்ளே போய்விட்டேன். முடியாது என்று சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை அவள் பிள்ளைகளை உள்ளே வைத்து வெளிப்பக்கம் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பூட்டு விழும் சத்தம் எனக்குக் கேட்டது. படிக்க உட்கார்ந்தேன், ஒரு வரியும் ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவள் சின்னவளுக்குச் சோறு ஊட்டுகிற சத்தம். பிறகு பாத்திரம் உருண்டது. பிறகு சின்னவள் அழுதாள்.

அப்பா இருமினார். அழுகை நின்றது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன இருமல் கேட்டது.

காய்ச்சல் வந்தேவிட்டது என்று நினைத்தேன். அப்பா மறுபடி இருமினார். அந்தப் பக்கம் இரண்டு குரல்கள், அவர் மாதிரியே கடைசியில் ஒரு இழுப்போடு இருமிவிட்டுச் சிரித்தன. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே ஒரு இருமல் விட்டார். பதில் வந்தது. அப்படி நாலைந்து முறை ஆனதும் அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. அம்மா ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

"ஏளா, எனக்கு மூக்குல குச்சிய விட்டுப் பாக்கச் சொல்லு" என்றார் அப்பா.

"அவளுக்கு எதுக்குப்பா நாம நிரூபிக்கணும்?"

"நீ மட்டும் அவ கைய மோந்து பாக்கலாமோ? பூட்டுன வீட்ல ரெண்டு சிட்டு கெடக்கு. எனக்காவத்தான நீ இந்த மொறப்பு மொறைக்க. மொதல்ல என்னயப் பாரு."

பள்ளிக்கூடத்தில் கொரோனா பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது. அன்றே அப்பாவையும் என்னையும் பரிசோதித்துக்கொண்டோம். சாயங்காலம் கேட்டுக் கம்பி வழியாக அவளிடம் என் நிபந்தனைகளைச் சொன்னேன். அவளும் பிள்ளைகளும் டெஸ்ட் எடுத்தாக வேண்டும், முடிவை போனில் காட்ட வேண்டும். நான் பார்த்துக்கொள்வது அவள் வீட்டில்தான், அப்பா பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "உன் முடிவையும் காட்டணும்" என்றாள். இரண்டு நாள் கழித்து, கேட்டின் இருபுறமும் நின்று ஒருவர் போனை ஒருவர் எட்டிப் படித்தோம். யாருக்கும் தொற்று இல்லை. தேதியும் சரிதானா என்று நான் இன்னொரு முறை பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை சாவியை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்குத் திரும்பியதும் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் நுழைவது என்று எனக்கும் சோப்பும் மாற்றுத்துணியும் வெளியே எடுத்துவைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்து அதன் அருகில் உட்கார்ந்தேன். சின்னவள் மூக்கை உறிஞ்சும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.

பெரியவள் ஒரு நோட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். படம் வரைவதாக நினைத்தேன். பதினொரு மணி வாக்கில் எனக்கு எச்சில் புரையேறி ஒரு இருமல் வந்தது. அவள் உடனே ஒரு கோடு போட்டாள்.

"என்னம்மா எழுதுத?"

"நீங்க எத்தன மட்டம் இருமுதியன்னு அம்மா கோடு போடச் சொன்னாவ."

அதற்குப் பிறகு தொண்டை அரித்துக்கொண்டே இருந்தது. விழுங்கி விழுங்கித் தண்ணீர் குடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமியபோது அவள் பென்சிலை எடுத்தாள்.

"அது தாத்தா. அதுக்குப் போடாத" என்றேன்.

யோசித்துவிட்டு பென்சிலைக் கீழே வைத்தாள்.

நாலரைக்கு அவள் அம்மா வந்து, குளித்துவிட்டு, நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரே ஒரு கோடு. எனக்கு முன்னாலேயே மகள் முகத்தைப் பார்த்து, "நெசமா ஒண்ணுதானா?" என்று கேட்டாள். பிறகு, நான் திருப்பிக் கொடுத்த சாவியை மறுபடி என் பக்கம் நீட்டினாள். அதன் மேலும் குளோரின் வாடை அடித்தது. வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அதையும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பின்வாசலில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னது தும்முச்சா?"

"ரெண்டு மட்டம்" என்றேன். "தூசிக்கு."

"தூசின்னு நீ சொல்லுத" என்றாள் அம்மா, துண்டை எட்டி நீட்டியபடி.