கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்

மகள் நகப்பூச்சை அழிக்கிறாள். அந்த அசிட்டோன் வாடை கூடத்தைத் தாண்டி என் நாற்காலிக்கு வந்ததும் நான் தொண்ணூறுகளின் அடையாற்றுக்குப் போய்விடுகிறேன், குறுகலான மாடிப்படி உள்ள ஒரு பழைய வீட்டுக்கு. கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள். ஆராய்ச்சிக்கூடம் என்று பலகை மாட்டியிருந்தோம். படியேறி வந்தவர்கள் என்னவோ மிக்ஸி ரிப்பேர் செய்வீர்களா என்றுதான் கேட்டார்கள்.

நாங்கள் மூன்றே பேர். முதலாளியான சார், மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வரும் வைதேகி, நான். எண்ணெய் இல்லாமல் காற்றில் மிதந்து சுழலும் தண்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கேட்கத்தான் பெரிய விஷயம், பார்க்க சப்பாத்திக் கட்டை மாதிரி இருக்கும். குழலுக்குள் அது வேகமாகச் சுற்றும்போது இடையில் காற்று மெல்லிய படலமாகி அதைத் தாங்கும். தலைமுடியைவிட எவ்வளவோ மெல்லிய படலம். நிற்கும்போது மட்டும் தண்டு குழலின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

தி. நகரில் நகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, தங்க வளையலில் பூவெட்டுப் போட அதிராத இயந்திரம் தேடிக்கொண்டிருந்தார். அவர் வாங்கினால் என் வேலை நிரந்தரம் என்றார் சார். வாங்காவிட்டால் தீபாவளிக்குப் பிறகு நங்கநல்லூரில் மாமாவின் பாத்திரக் கடை. அப்பா பேசியே முடித்துவிட்டார். எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே நான் உட்கார்ந்திருப்பதாகக் கனவு கண்டு பயந்திருக்கிறேன்.

முதல் தடவை வந்தபோது அண்ணாச்சி தண்டைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மங்கலா இருக்கு? நம்ம கடையில இப்படி வச்சா ஒருத்தரும் தொடமாட்டாவ."

போதாதா? விஜயதசமியன்று ஓட்டிக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு சார் எங்களைத் தேய்க்க வைத்தார். வைரப் பசை போட்டு முகம் தெரியும்வரை தேய்த்தோம். நான் அதைப் பார்த்துத் தலைகூடச் சீவிக்கொண்டேன். ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. ஆயுதபூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரிகடலை தின்று, இன்று இயந்திரத்துக்கும் ஓய்வு என்று பூட்டிக்கொண்டு கிளம்பினோம். அன்று முழுக்க மழை.

மறுநாள் அண்ணாச்சி நல்ல நேரம் பார்த்து வந்தார். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் முனகியது, தண்டு அசையவில்லை. என் கண்ணுக்குக் குடங்கள் வரிசையாகத் தெரிந்தன.

வைதேகி தண்டை உருவினாள். லேசில் வரவில்லை. அசிட்டோனில் துடைத்தாள். பிறகு நைஸ் உப்புத்தாளை எடுத்து, சுழலும் திசைக்குக் குறுக்காக, பளபளப்பின் மேல் மெல்ல இழுத்தாள்.

"இன்னாம்மா பண்றே? கை நோவத் தேச்சது." சார் பதறினார்.

"ஆத்துல ஈரத்தட்டை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா ஒட்டிண்டுடறதோன்னோ சார்? அதேதான். நாமதான் வழவழன்னு ஆக்கிட்டோம், மழை ஈரம் உள்ள பூந்துடுத்து. இந்தக் கோடு இருந்தா ஒட்டாது. காத்தும் பிடிச்சு நிக்கும்."

மறுபடி சுவிட்ச். சின்னதாக ஒரு 'கிர்', பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அண்ணாச்சி காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"இது ஓடுதா, நிக்குதா?"

வளையலை வெட்டிக் காட்டினோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் தண்டின் மங்கலைப் பற்றி மூச்சுவிடவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் மிச்சமிருந்த பொரி முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

அந்த நிரந்தர வேலை சில வருஷங்கள் நிரந்தரமாக இருந்தது. பிறகு சார் மூடிவிட்டார். வைதேகி கல்யாணமாகி வடக்கே போனாள். போன மழைக்கு அந்தத் தெருப்பக்கம் போனேன். வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி, வாசலில் முகம் பார்க்கலாம் போல கறுப்பு கிரானைட். வாட்ச்மேன் அதன்மேல் கோணிச்சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்.

"மழை பேஞ்சா அல்லாரும் வழுக்கி வுழறாங்க சார். இன்னா பண்றது?"

உடனே வைதேகிக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.